தரமான பருத்தி உருகும்

பருத்தி எது, பருத்தி அல்லாதது எது என்று நமக்குச் சொல்வதற்காகவே ஒரு கட்டடம் கட்டி வைத்திருக்கிறார்கள். இழைத்தர நிலையம் என்று பெயர். வாசலில் புல்வெளி இருக்கிறது. புல்லை மிதிக்காதீர்கள் என்று பலகை இருக்கிறது. பலகையும் பிளாஸ்டிக், புல்லும் பிளாஸ்டிக். நம் உடம்பில் படுகிற எந்தத் துணியும் முதலில் இந்தக் கட்டடத்துக்குள் போய், சோதனை முடிந்து, முத்திரையோடு வெளியே வந்தால்தான் நம் உடம்பில் படலாம் என்பது சட்டம். இந்தச் சட்டத்தைப் பற்றி நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். நானும் யோசித்ததில்லை. சட்டைக் காலருக்குள் இருக்கிற முத்திரையை யார் படிக்கிறார்கள்? கழுத்தைக் குத்துகிறது என்று கத்தரித்து எறிவதோடு நமக்கும் அதற்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது.

சாய ஆலைக்குச் சீருடை தைக்கும் தையல்காரரும் அப்படித்தான் இருந்தார். ஆலை துணி அனுப்பும். அவர் வெட்டித் தைப்பார். முத்திரைத் துண்டைக் காலரில் வைத்து மடித்து அடிப்பார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு இருந்தது மகளும் மருமகனும்தான். மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், முன்னறையில் தையல் மெஷின். மருமகனுக்கு அதே ஆலையில் கொதிகலன் கூடத்தில் வேலை, நாள் முழுக்க நெருப்புக்குத் தீனி போட வேண்டும். கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் பொறி வெளியே தெறிக்கும். அதனால் அந்தக் கூடத்தில் நிற்பவர்கள் பருத்திதான் உடுத்த வேண்டும் என்று விதி. நல்ல விதிதான், யாரும் குறை சொல்ல முடியாது.

ஒரு நாள் மருமகனின் கூட்டாளி கதவைத் திறந்தபோது ஒரு பொறி அவருடைய முழங்கைக்குக் கீழே விழுந்தது. சட்டை எரியவில்லை, உருகியது. உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. மருமகன் பதறிப்போய் இழுத்தார். துணியோடு தோலும் வந்தது. மருத்துவமனையில் அதை உரித்து எடுக்கும்போது அந்த மனிதர் போட்ட சத்தத்தை வீட்டுக்கு வந்து சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார் மருமகன்.

தையல்காரர் வெட்டு மிச்சத்தில் ஒரு துண்டை எடுத்து, தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினார். துண்டு சுருண்டது, கறுத்தது, கெட்டியான மணியாகத் தரையில் சொட்டியது. வீடு முழுக்கப் பிளாஸ்டிக் நாற்றம். கூடவே வந்திருந்த முத்திரையைத் தேடி எடுத்துப் படித்தார். ‘முழுமையான தரப் பருத்தி’ என்று அச்சிட்டிருந்தது.

"அப்பா, இவரு போட்டுக்கிட்டுப் போறதும் நீங்க தைச்சதுதானே?" என்றாள் மகள்.

அவள் குற்றம் சொல்கிற குரலில் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். அதுதான் அவருக்கு அதிகமாகச் சுட்டது.

மறுநாளே ஊருக்கு வெளியே இருந்த ஒரு தறிக்கூடத்துக்குப் போனார். அங்கே கூடாரம் போடுவதற்குக் கெட்டிப் பருத்தி நெய்துகொண்டிருந்தார்கள். கையைக் காலைப் பிடித்து ஒரு கட்டுத் துணி வாங்கி வந்தார். பருத்தியும் எரியும்தான், அதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பொறி விழுந்தால் ஓட்டையாகும், கரியாகும், தட்டிவிட்டால் உதிரும். தோலைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அடம் பிடிக்காது. அந்தத் துணியில் முதல் சீருடையைத் தைத்து மருமகனுக்குக் கொடுத்தார். மருமகன் அதைப் போட்டுக்கொண்டு ஆலைக்குப் போனார், போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"கேட்டுல காலரத் திருப்பிப் பாக்குறாங்க, மாமா. முத்திரை இல்லன்னா உள்ள விட மாட்டாங்களாம். முத்திரை இல்லாத துணியோட நெருப்புப் பக்கம் போனா ஆபத்துன்னு சொல்றாங்க. நீங்க தைச்சதையும் கழட்டி வாங்கி வச்சுக்கிட்டாங்க."

சொல்லிவிட்டுப் பழைய சீருடையை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. மகள் வாசல்வரை போய், அந்தச் சட்டையின் கைகளை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டாள். சுருட்டினால் வெறுங்கை, இறக்கினால் உருகுகிற கை. எது மேல் என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஒரு துணியின் முத்திரையை இன்னொரு துணியில் மாற்றித் தைத்தால் சிறை. முத்திரைதானே வேண்டும், முறையாகவே வாங்கிவிடலாம் என்று நினைத்தார் தையல்காரர். பாவம், அவருக்கு அந்தக் கட்டடத்தோடு அதுவரை பழக்கமில்லை.

துணிக் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு இழைத்தர நிலையத்தின் வரவேற்பு மேசைக்குப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"என்ன கொண்டு வந்திருக்கீங்க?"

"பருத்தித் துணிங்க."

"அத நீங்க சொல்லக் கூடாது. பருத்தி என நம்பப்படுவதுன்னு சொல்லுங்க."

"நம்புறதுக்கு என்னங்க இருக்கு, பருத்தியேதான். செடியில காய்ச்சது."

"செடியில காய்க்கிறது வெறும் காய். அது பருத்தி ஆகிறது இங்கதான்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் துளிக்கூடக் கர்வம் இல்லை. மழை பெய்தால் நனையும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். பிறகு தையல்காரரின் சட்டையை உற்றுப் பார்த்தார். "இது என்ன துணி?"

"இத்துப்போன பழைய சட்டைங்க. இதுவும் பருத்திதான்."

"நம்பப்படுவது."

"ஆமாங்க. நம்பப்படுவது."

"கழட்டிடுங்க. இதுல இருந்து பஞ்சு உதிரும். பஞ்சு உதிர்ந்தா பருத்திச் சோதனை கெட்டுப்போகும்."

பருத்தியைச் சோதிக்கிற இடத்தில் பருத்தி வரக் கூடாது என்பதைத் தையல்காரர் மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிடிபடவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவர்கள் தந்த நீல அங்கியை மாட்டிக்கொண்டார். அது தண்ணீர்க் குடத்தின் மேல்பக்கம் மாதிரி வழுவழு என்று இருந்தது. கட்டடம் முழுக்கக் குளிரூட்டி ஓடியும் அங்கிக்குள் வியர்த்துக் கொட்டியது. காத்திருந்த மற்றவர்களும் அதே அங்கியில், ஆளுக்கொரு பக்கம் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் தொடுகூடம். துணியைத் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்களுக்குத் தொடுநர்கள் என்று பெயர். வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எல்லோருக்கும் கண்ணைக் கட்டியிருந்தது. துணியின் நிறத்தைப் பார்த்து மனம் மயங்கிவிடக் கூடாதாம். நியாயம்தான் என்று தையல்காரர் நினைத்தார். பிறகுதான் அவர்கள் கைகளைப் பார்த்தார். எல்லோரும் நைலான் கையுறை போட்டிருந்தார்கள்.

"கையுறையோட எப்படிங்க தெரியும்?" என்று தலைமைத் தொடுநர் அம்மாவிடம் கேட்டார். ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிட்டவர், கண்கட்டுக்குக் கீழே முகமெல்லாம் அலுப்பு.

"ஒவ்வொருத்தர் தோலும் ஒவ்வொரு மாதிரி இருக்குங்க. ஒருத்தருக்கு மெத்துனு இருக்கிறது இன்னொருத்தருக்குச் சொரசொரன்னு இருக்கும். தோலுக்குத் தோல் தரம் மாறலாமா? அதனால தோல நடுவுல இருந்து எடுத்துட்டாங்க."

"எடுத்த பிறகு எப்படி இருக்கு?"

"நிம்மதியா இருக்கு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

அந்த அம்மா முதலில் நிலையத்தின் மாதிரித் துணியைத் தொட்டார், பிறகு தையல்காரர் கொண்டு வந்ததைத் தொட்டார், பிறகு தலையை அசைத்தார். பருத்தித்தன்மை குறைவு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மற்ற தொடுநர்களும் தொட்டுவிட்டுக் குறைவுதான் என்றார்கள். தலைமைத் தொடுநர் குறைவு என்று சொன்னது அவர்கள் காதில் விழுந்திருந்தது. காதைக் கட்ட வேண்டும் என்று விதியில்லை.

தையல்காரருக்குப் பொறுக்கவில்லை. எதைவிடக் குறைவு, அதையாவது காட்டுங்கள் என்று கேட்டார். இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. கேட்டதும் மகிழ்ச்சியோடு அழைத்துப் போனார்கள். கட்டடத்தின் நட்ட நடுவில் ஓர் அறை. அறைக்குள் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் கைக்குட்டை அளவில் வெள்ளைத் துணி. பக்கத்தில் முக்காலி போட்டு அதற்கென்று ஒரு காப்பாளர்.

"மூலத்துணி," என்றார் காப்பாளர். "நாட்டுல உள்ள அத்தனை பருத்தியும் இதோட ஒப்பிட்டுத்தான் முடிவாகுது. நான் இங்க சேர்ந்ததுல இருந்து ஒரு நூல் கூட மாறல. மஞ்சளாகல, சுருங்கல, பூச்சி அரிக்கல."

"பருத்தி பழசானா மஞ்சளாகுமேங்க."

"ஆகும். முன்னாடி இருந்தது ஆச்சு. அது நிஜப் பருத்தி. வருஷத்துக்கு ஒரு சுருக்கம், மழைக்காலத்துல ஒரு பூஞ்சை. மூலத்துணி கெட்டுப்போகப் போக, நல்ல துணியெல்லாம் தேறல, கெட்டதெல்லாம் தேறுச்சு. ஒரே ரகளை. அப்புறம் ஒரு நிபுணர் குழு போட்டாங்க. அவங்க ரொம்ப நாள் உக்காந்து ஒரு முடிவு சொன்னாங்க. மாறாத பருத்தி வேணும்னா, அது பருத்தியா இருக்கக் கூடாது."

"அப்ப இது?"

"பாலியஸ்டர்."

தையல்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். இதை இவ்வளவு உரக்கச் சொல்லலாமா என்று அவருக்குப் பயமாக இருந்தது.

"இதுல ரகசியம் ஒண்ணும் இல்லீங்க," என்று காப்பாளர் சிரித்தார். "எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைங்க சுற்றிப் பாக்க வந்தா முதல்ல இதத்தான் சொல்லுவோம்."

"அப்ப பருத்தின்னு முத்திரை வாங்கணும்னா பாலியஸ்டர் மாதிரி இருக்கணுமா?"

"மூலத்துணி மாதிரி இருக்கணும். பாலியஸ்டர்னு சொல்லி அத அவமானப்படுத்தாதீங்க."

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது தையல்காரருக்கு. அறைக்கு அறை நம்மைத் தட்டிக் கழிக்கிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இங்கே யாரும் தட்டிக் கழிக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். அதுதான் ஆளைச் சோர வைத்தது. பொய் சொன்னாலாவது சண்டை போடலாம்.

அடுத்த சில வாரங்கள் அவர் அங்கேயே பழியாகக் கிடந்தார். காலையில் மருமகன் உருகுகிற சட்டையோடு ஒரு பக்கம் போவார், இவர் வழுவழு அங்கிக்காக இன்னொரு பக்கம் போவார். சோதனை மேல் சோதனையாக நடந்தது. துவைத்துப் பார்த்தார்கள். மூலத்துணி துவைப்பதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, இவருடையது சற்றுச் சுருங்கியது. சபலபுத்தி என்று குறித்துக்கொண்டார்கள். வியர்வைச் சோதனையில் துணி வியர்வையை உறிஞ்சிக்கொண்டது. "ஈரத்தை எடுத்துக்குது, திருப்பித் தர மாட்டேங்குது," என்று அந்தத் துறை அதிகாரி வருத்தப்பட்டார். மூலத்துணி ஒரு சொட்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல் உடம்பின் வியர்வையை உடம்பிடமே விட்டுவிடுமாம், கை சுத்தமாம்.

நெருப்புச் சோதனைக்காகத்தான் தையல்காரர் காத்திருந்தார். இதில் யாரும் எதையும் மறைக்க முடியாது, எது என்ன என்பது நெருப்புக்குத் தெரியும் என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். சோதனை அதிகாரி சின்ன விளக்கை ஏற்றி, மூலத்துணியின் ரகத்தில் ஒரு துண்டைக் காட்டினார். சுருண்டு உருகிச் சொட்டியது. பிறகு இவருடைய துணியைக் காட்டினார். ஓரம் கருகிச் சாம்பலானது.

"பாத்தீங்களா," என்றார் அதிகாரி. "தரத்துணி நெருப்பக் கண்டதும் ஒதுங்கிக்குது. உருகி வழிவிட்டுடுது. உங்க துணிக்கு அந்தப் பக்குவம் இல்ல. அங்கயே நின்னு கருகுது."

"உருகினது எங்கங்க போகுது?"

"கீழ."

"கீழ ஒருத்தர் கை இருந்தா?"

"எங்க சோதனையில கீழ கண்ணாடித் தட்டுதான் இருக்கு," என்றார் அதிகாரி. "இத்தன வருஷத்துல தட்டு ஒரு நாளும் புகார் சொன்னதில்ல."

மருமகனின் கூட்டாளியை ஒரு நாள் இங்கே அழைத்து வரட்டுமா, கையைக் காட்டுவார் என்று தையல்காரர் கேட்டார். அதிகாரி யோசித்தார். கை என்பது இழை அல்ல, அதனால் நிலையத்துக்குள் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள வழியில்லை என்று மரியாதையாகச் சொன்னார்.

கடைசியில் இயக்குநர் முன்னால் நிறுத்தினார்கள். பெரிய மேசை, பெரிய நாற்காலி, அதில் வெள்ளைச் சட்டையில் ஒரு பெரிய மனிதர். சட்டை ஒரு மடிப்புக்கூட இல்லாமல் பளிச்சென்று இருந்தது. அதற்குள்ளிருந்த இயக்குநர்தான் நெளிந்துகொண்டே இருந்தார். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்திருந்தது. பேச்சின் நடுநடுவே ஒரு பென்சிலைக் காலருக்குள் விட்டுச் சொறிந்துகொண்டார்.

"நான் இந்தத் துறைக்கு வந்தப்ப பருத்தி என்ன நிலையில இருந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். "ஒழுங்கே கிடையாது. ஒரு வருஷம் நீளமா விளையும், ஒரு வருஷம் குட்டையா விளையும். மழையக் கேக்கும், மண்ணக் கேக்கும். எங்க பேச்ச மட்டும் கேக்காது. இப்படி ஒரு பொருள வச்சுக்கிட்டு ஒரு நிலையம் எப்படி நடத்துறது? இன்னிக்கு நாட்டுல பருத்தி ஒரே சீரா இருக்கு. ஏன்? நாங்க அதுல இருந்து பருத்திய எடுத்துட்டோம். இப்ப திடீர்னு நீங்க ஒரு கட்ட தூக்கிட்டு வந்து இதுதான் பருத்தின்னா, இவ்வளவு காலம் நாங்க முத்திரை குத்தினது என்ன? அதப் போட்டுக்கிட்டு இருக்கிற ஜனங்க மனசு என்ன பாடுபடும்?"

"ஐயா, ஜனங்க எல்லாருக்கும் வேணாம்," என்றார் தையல்காரர். "கொதிகலன் முன்னாடி நிக்கிறவங்களுக்கு மட்டும் போதும். என் மருமகன் நிக்கிறாருங்க. கல்யாணமாகி இன்னும் வீட்டுல ஒரு தொட்டில்கூடக் கட்டல. எனக்கு அந்தப் பயம்தான்."

"உங்க கஷ்டம் புரியுது. அதனாலதான் உங்க துணிக்கு ஒரு தனி வகுப்பே ஏற்படுத்தியிருக்கோம்." இயக்குநர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு முடிவைப் படித்தார். போலிப் பருத்தி, முதல் ரகம். போலிகளில் இவ்வளவு உயர்ந்த இடம் இதுவரை எதற்கும் தரப்படவில்லையாம். போலி என்பதால் கட்டு முழுவதும் நிலையத்தால் பறிமுதல் செய்யப்பட்டு அழிக்கப்படும்.

தையல்காரர் எழுந்தார். இயக்குநர் உட்காரச் சொன்னார். மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அழிக்கிறதுக்குப் பல வழி இருக்கு. வெட்டலாம். வெட்டின பிறகு அது கட்டு இல்ல, துண்டுதான். துண்டத் தைக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல." கழுத்தை மறுபடி சொறிந்துகொண்டார். "டாக்டர் சொல்லிட்டாரு, இனிமே பருத்திதான் போடணும்னு. நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது? என்கிட்டத்தான் எல்லாரும் கேக்கறாங்க. நீங்க அளவெடுக்க டேப் வச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தார். அளவெடுத்தார். கதவைத் திறந்தபோது வெளியே காப்பாளர் நின்றார், அவருக்குப் பின்னால் வியர்வைத் துறை, நெருப்புத் துறை, தொடுநர்கள். எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றார்கள்.

"அப்ப எங்க சீருடைக்கு?" என்று இயக்குநரிடம் கேட்டார் தையல்காரர்.

"மறுஆய்வு கேளுங்க. மறுஆய்வுக் குழு வேற யாரு, நாங்கதான். நல்லாத் தைச்சுக் கொடுங்க."

இதற்கு மேல் யாருக்கு என்ன விளக்க வேண்டும்? தையல்காரர் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, இரவு பகல் பார்க்காமல் தைத்தார். இயக்குநருக்குக் காலர் கழுத்தில் உரசாதபடி உள்பக்கம் இன்னொரு மடிப்புக் கொடுத்தார். மகள் காஜா எடுத்துப் பொத்தான் வைத்தாள். மருமகன் வேலைவிட்டு வந்து துணியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல துணி அவர்களுக்கா என்று கேட்டார். மகள் அடுத்த பொத்தானை எடுத்தாள். இந்தச் சட்டைகள் முடிந்தால் முத்திரை கிடைக்கும் என்று அப்பாவும் மகளும் நம்பினார்கள். நம்பாமல் அவ்வளவு சட்டை தைக்க முடியாது.

மறுஆய்வு நாளன்று கூட்ட அறையில் எல்லோரும் புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் முதல் தடவையாக யாரும் நெளியவில்லை. நெருப்புத் துறை அதிகாரி நாற்காலியில் சாய்ந்து லேசாகக் கண் அசந்திருந்தார். இயக்குநரின் கழுத்தில் சிவப்பு வடிந்திருந்தது. தையல்காரரைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். தையல்காரருக்கு உயிர் வந்தது.

"உங்க மனு ரொம்ப நியாயமான மனு," என்றார் இயக்குநர். "குழுவுல எல்லாருக்கும் அனுதாபம். ஒரே ஒரு சிக்கல். மறுஆய்வுக்கு மாதிரித் துணி வேணும். கட்டுல துணி மிச்சம் இல்ல, வெட்டுத் துண்டு மாதிரிக்குச் செல்லாது."

"நீங்க எல்லாரும் போட்டிருக்கீங்களேங்க," என்றார் தையல்காரர்.

இயக்குநர் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். மற்றவர்களும் ஆளாளுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

"இது சட்டை," என்றார் இயக்குநர் நிதானமாக. "எங்க அதிகாரம் இழை, துணி, இந்த ரெண்டோட முடிஞ்சிடுது. தைச்ச பிறகு அது ஆடைத்தர நிலையத்துக்குப் போகணும்."

"அது எங்க இருக்குங்க?"

"இன்னும் கட்டல."

தையல்காரர் விடவில்லை. அதே தறிக்கூடத்தில் இன்னொரு கட்டு வாங்கி வருகிறேன், ஒரு வாரம் பொறுங்கள் என்றார். தலைமைத் தொடுநர் அம்மா மேசையைப் பார்த்தார்.

"போலிப் பருத்தின்னு தீர்ப்பு ஆன உடனே அத நெய்யற இடத்துக்குப் பூட்டுப் போடணும்னு விதி," என்றார் இயக்குநர். "போன வாரமே போட்டாச்சு. எனக்கே மனசு சரியில்ல, நம்புங்க. நான் மாத்திக்க இன்னொரு சட்டை தைச்சுக்கலாம்னு இருந்தேன்."

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அதில் நடிப்பு எதுவும் இல்லை. அந்த அறையில் இருந்த ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்புகிறது. கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால் அவர் மாற்றலாகிப் போகும்வரை காத்திருக்கலாம்.

தையல்காரர் அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தன் பழைய சட்டையை வாங்க வரவேற்பு மேசைக்குப் போனபோது தலைமைத் தொடுநர் அம்மா பின்னாலேயே வந்தார். வீட்டில் வெட்டு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று தையல்காரர் தலையசைத்தார்.

"அத யாரும் கணக்குக் கேக்கல. உள்ள போடுறதுல முத்திரை இருக்கான்னு ஆலை கேட்டுல பாக்க மாட்டாங்க. எங்களுக்கும் உள்பனியன் மேல அதிகாரம் இல்ல."

நல்ல மனசுள்ளவர்தான். புதுச் சட்டையை இரண்டு கைகளாலும் நீவிவிட்டுக்கொண்டே சொன்னார். அதைக் கழற்றித் தருவதாக மட்டும் சொல்லவில்லை.

ஆலை புதிதாக அனுப்பிய தரப் பருத்தியில் தையல்காரர் மருமகனுக்குச் சீருடை தைத்தார். வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் பக்கத் தையலையும் தோள் தையலையும் சட்டைக் கைகளை இணைக்கிற தையலையும் வழக்கம்போல் அடிக்கவில்லை. சாக்கு மூட்டையின் வாயைத் தைக்கிற தையல் ஒன்று இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுவதும் பிரிந்துவிடும். அந்தத் தையல் போட்டார். பிரியாமல் தைப்பதையே வாழ்நாள் முழுக்கத் தொழிலாகச் செய்த மனிதர், ஒரே இழுப்பில் பிரிகிறதா என்று திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார். பிறகு அதிகாரிகளின் சட்டைகளில் மிஞ்சிய காலர் ஓரங்களையும் அக்குள் வளைவுகளையும் ஒன்றோடொன்று ஒட்டுப்போட்டு உள்ளே போட ஒரு பனியன் தைத்தார்.

காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் முன்னறையில் ஒத்திகை நடந்தது. மருமகன் சீருடை போட்டுக்கொண்டு கொதிகலன் கதவைத் திறப்பது போல நின்றார். மகள் பின்னால் நின்றுகொண்டு, அவர் எதிர்பார்க்காத நேரத்தில் "பொறி" என்றாள். மருமகன் நூலைத் தேடிப் பிடித்து இழுப்பதற்குள் மகள் இல்லை என்று தலையாட்டிவிட்டாள். இரண்டாம் தடவை நூல் கிடைத்தது, ஒரு பக்கம் மட்டும் பிரிந்தது. மருமகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளும் சிரித்தாள். தையல்காரர் சிரிக்காமல் பிரிந்ததை எடுத்துப்போய் மறுபடி அடித்துக்கொண்டு வந்தார். அடுத்த தடவை சட்டை மொத்தமும் உரித்தாற்போல் கீழே விழுந்தது.

"போதுமா?" என்றார் மருமகன். "நேரமாச்சு."

"இன்னொரு தடவ," என்றாள் மகள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

தையல்காரர் தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தார். மருமகன் ஒட்டுப்போட்ட பனியனோடு ஜன்னல் பக்கம் நின்று காத்திருந்தார். மார்பையும் முதுகையும் வயிற்றையும் பனியன் நன்றாக மூடியிருந்தது. தோளோடு நின்றுவிட்டது. அவர் தன் வெறுங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கைக்குத் துணி பத்தலையா, மாமா?"

தையல்காரர் மெஷினை நிறுத்தவில்லை.

"பத்தல, மாப்ள. இயக்குநரு முழுக்கை வேணும்னு கேட்டுட்டாரு."

தைத்து முடித்ததை வாங்கிப் போட்டுக்கொண்டு மருமகன் வேலைக்குப் போனார்.